நடுவில் இருந்த இரண்டு புள்ளி

ஏ.எஸ்.ராவ் நகர் கனகவல்லி பயந்தாங்கொள்ளி என்பது தெருவுக்கே தெரியும். கேஸை மூடினேனா என்று பஸ் நிறுத்தத்திலிருந்து திரும்பிப்போய்ப் பார்ப்பாள். "உனக்கு எதுக்குத்தான் பயமில்ல?" என்று கணவர் ராஜகோபால் கேலி செய்வார். இருபது வருஷமாக புரோகிராம் எழுதுகிறாள். அங்கேயும் அதே நடுக்கம்தான்.

அப்படிப்பட்டவள் போன வாரம் ஒரே ஒருமுறை அசட்டையாக இருந்துவிட்டாள். தார்நாகாவில் டாக்டர் சபீனாவின் சின்ன மருத்துவமனையில் குறைமாதக் குழந்தைகளின் மூச்சைப் பதிவு செய்யும் புரோகிராம் அவள் எழுதியது. லினக்ஸில் ஓடியதைப் புது விண்டோஸ் கணினிக்கு மாற்றினார்கள். திரையில் கோடு ஓடியது. "சரியா இருக்கு டாக்டர்" என்று சொல்லிவிட்டு வந்தாள். பதிவான கோப்பைத் திறந்து பார்க்கவில்லை.

இன்று காலை சபீனாவின் போன். "அக்கா, எல்லா ஃபைலும் ஜீரோ காட்டுது. பென் டிரைவ்ல காப்பி பண்ணினோம். கம்ப்யூட்டர் ஏதோ கேட்டுச்சு, எஸ் குடுத்தோம். அதுலயும் ஜீரோ. டிஸ்க்கை அழிச்சுட்டுப் புதுசா போட்டுடலாம்கறார் சர்வீஸ் ஆள். நாளைக்கு எந்தக் குழந்தைய வீட்டுக்கு அனுப்பறதுன்னு இதைப் பாத்துத்தானே..." வார்டிலிருந்து யாரோ கூப்பிட, போன் நின்றது.

கனகவல்லிக்குப் புரிந்துவிட்டது. கோப்பின் பெயரில் நேரத்தை வைத்திருந்தாள்: 10:30. நடுவில் இருக்கும் இரண்டு புள்ளி லினக்ஸுக்கு இன்னொரு எழுத்து, அவ்வளவுதான். விண்டோஸ் அங்கேயே பெயரை வெட்டிவிட்டு, பதிவு முழுவதையும் கோப்புக்குள் ஒரு மறைவான அறையில் போட்டுவிடும். வெளியே பார்த்தால் காலி. பென் டிரைவுக்கு அந்த அறை போகாது. டிஸ்க்கை அழித்தால் அதோடு தீர்ந்தது.

பதினோரு குழந்தைகள். தூக்கத்தில் மூச்சு நிற்கிற ஒன்றை வீட்டுக்கு அனுப்பிவிட்டால்? ஆட்டோவில் ஒன்பது முறை போன் செய்தாள். யாரும் எடுக்கவில்லை. "ஜல்தி, பாய்" என்று ஆட்டோக்காரரை அவசரப்படுத்தினாள்.

படியேறி ஓடினாள். கணினி முன்னால் சபீனா உட்கார்ந்திருந்தாள்; சர்வீஸ் ஆள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார்.

"அழிச்சாச்சா?"

"எப்படி அழிக்கறது? 'நான் வந்து பாக்காம எதையும் அழிக்கக்கூடாது'ன்னு எங்களைப் பயமுறுத்தி வெச்சிருக்கறதே நீங்கதானே அக்கா."

கனகவல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள். கட்டளைகளைத் தட்டினாள். மறைந்திருந்த பதிவுகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. ஏழாம் நம்பர் குழந்தையுடையதில், ஓரிடத்தில் கோடு இருபத்திரண்டு நொடி அசையாமல் கிடந்தது.

"தப்பு என்னோடது டாக்டர்" என்றாள்.

சபீனா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "இந்தக் குழந்தையைத்தான் நாளைக்கு முதல்ல வீட்டுக்கு அனுப்பறதா இருந்தேன்" என்றாள்.