அண்ணாச்சி கடைக்கு வந்த கப்பல் போன்கால்

போன வாரம் எங்கள் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு ஃபார்வர்டு. ‘செல்போன் இல்லாத பொற்காலம்! நடுக்கடலிலிருந்து ரேடியோ டெலிபோனில் கணவன் பேசுவான்... ஒவ்வொரு சொல்லிலும் காதல்!’ கீழே இரண்டு ரோஜாப்பூ. அனுப்பியவன் பெரம்பூர்க்காரன். அவன் கடலைப் பார்ப்பதே காணும் பொங்கலுக்குத்தான்.

பொற்காலமாம். வெங்காயம்!

நான் ராயபுரத்தில் வளர்ந்தவன். என் அக்கா பிலோமினாவின் கணவர் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தார். அந்தக் காதலின் லட்சணத்தைச் சொல்கிறேன், கேளுங்கள்.

கப்பலிலிருந்து முதலில் கரையில் இருக்கும் ரேடியோ நிலையத்தைக் கூப்பிட வேண்டும். அங்கே கப்பல்கள் க்யூவில் நிற்கும். முறை வந்ததும் ஆபரேட்டர் பேச்சை ஊர் போனில் இணைப்பார். எங்கள் தெருவுக்கே ஒரு போன்தான் — அண்ணாச்சியின் மளிகைக் கடையில். இரண்டு பேரும் சேர்ந்தாற்போல் பேச முடியாது. ஒருவர் பேசி முடித்து ‘ஓவர்’ என்றால்தான் ஆபரேட்டர் லைனை அடுத்தவர் பக்கம் திருப்புவார். திருப்பிய பிறகு இந்தப் பக்கம் தொண்டை கிழியக் கத்தினாலும் போய்ச் சேராது. இந்த அழகில், க்யூவில் நிற்கும் கப்பல்காரர்கள் வேறு எல்லாவற்றையும் ஒட்டுக் கேட்கலாம். காதலா? மைக் செட் வைத்தா காதலிப்பார்கள்?

அக்காவுக்கு அப்போது நிறைமாதம். முதல் பிரசவம். பிரசவத்துக்குள் திரும்பி வந்து பக்கத்திலேயே இருப்பேன் என்று சொல்லிவிட்டுத்தான் மாமா கப்பல் ஏறியிருந்தார். ஒரு சாயங்காலம் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னாலேயே அவள் மாமியார், நான், பாதித் தெரு.

மாமா போட்ட கத்தல் ரிசீவரைத் தாண்டிக் கடை முழுக்கக் கேட்டது.

“மினா! கப்பல்ல இன்னும் ஆறு மாசம் இருக்க சொல்றாங்க. இன்னா சொல்ற? ஓவர்!”

கடையே அவள் வாயைப் பார்த்தது. மாமியார் கண்ணை உருட்டி, “சரின்னு சொல்லு” என்றார். அக்கா ரிசீவருக்குள் கத்தினாள்.

“சரி... உன் இஷ்டம். ஓவர்.”

சொல்லி வாய் மூடவில்லை, உடைந்துவிட்டாள். “வேணாய்யா! எனக்கு பயமா கீது... வந்துடுய்யா!”

லைன் அதற்குள் அந்தப் பக்கம் போய்விட்டது. மாமா பாட்டுக்கு “உடம்ப பாத்துக்கோ” என்று கத்திக்கொண்டிருந்தார். அவள் அழுதது அண்ணாச்சிக்குக் கேட்டது, பருப்பு வாங்க வந்தவர்களுக்குக் கேட்டது. கேட்க வேண்டிய மனுஷனுக்குக் கேட்கவில்லை. அப்படியே இரைச்சல் கூடி, லைன் அறுந்தது.

அதன் பிறகு அக்கா அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வீம்பு! குழந்தை தவழ ஆரம்பித்த பிறகுதான் மாமா வந்து சேர்ந்தார்.

இந்த ஞாயிறு, பூசை முடிந்து திருவொற்றியூரில் அக்கா வீட்டுக்குப் போனேன். வேண்டுமென்றே அந்த ஃபார்வர்டைப் படித்துக் காட்டினேன். ரிட்டயரான மாமா உருகிப்போனார்.

“மெய்தான்பா! இன்னா காலம் அது! ஆறு மாசம்னு சொன்னேன், உங்கக்கா உடனே சரின்னுட்டா. ஒரு வார்த்த வேணாம்னு சொல்லல, தெரியுமா?”

மீன் கழுவிக்கொண்டிருந்த அக்கா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

“சொன்னேன்யா. உனுக்குத்தான் கேக்கல.”

பெரம்பூர்க்காரா... இதையும் ஃபார்வர்டு பண்ணுடா, ரோஜாப்பூவோடு!