வெயில் காய்ந்த கோழிகள்

நெதர்லாந்தில், பார்னவெல்ட் பக்கத்து முட்டைப் பண்ணை ஒன்றில் ஏவர்ட்டுக்கு முப்பது வருடத்துக்கு மேல் ஒரே வேலை. விடிந்ததும் கூண்டு வரிசைகளுக்கு நடுவே நடந்து, செத்த கோழிகளைப் பொறுக்க வேண்டும். காலை நீட்டிச் சரிந்து கிடந்தால் கதை முடிந்தது என்று அர்த்தம். அந்தக் கொட்டகைக்குச் சன்னலே கிடையாது. கோழிகளுக்கும் அவருக்கும் குழல்விளக்குதான் சூரியன்.

ஓய்வு பெற்ற அன்று, முட்டை குறைந்ததென்று பண்ணை கழித்துவிட்ட கோழிகளில் ஆறைக் கேட்டு வாங்கி வந்தார். பாதி இறகு உதிர்ந்து, பார்க்கவே பாவமாக இருந்தன.

“என்னய்யா இது, உரிச்சே குடுத்துட்டாங்களா?” என்றார் மனைவி ஹெர்மினா.

“சிரிக்காத. இதுங்களையாவது சாக விடாம பாத்துக்கணும்.”

மனிதர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

தோட்டத்துப் பக்கம் திறந்துவிட்டதும் கோழிகள் வாசலிலேயே நின்றுவிட்டன. புல்லைக் கண்டு பயம், காற்றைக் கண்டு பயம். ஒருவழியாக ஒன்று காலை வைத்தது. அப்புறம் கேட்க வேண்டுமா! புழுவுக்கு அடிதடி, மண்ணில் புரண்டு குளியல், மொட்டைக் கழுத்தில் புது இறகு. வெளிறிக் கிடந்த மஞ்சள்கரு ஆரஞ்சு நிறத்துக்கு வந்தது. ஏவர்ட் கதவைத் திறந்துவிட்டதோடு சரி. மற்றதெல்லாம் புல்லும் வெயிலும் பார்த்துக்கொண்டன.

மே மாத மதியம் ஒன்று. பேரி மரம் பூவாய் உதிர்த்துக்கொண்டிருந்தது. வாய்க்கால், வேலி, வானம் எல்லாமே அரைத்தூக்கத்தில் இருந்தன. காபியோடு வெளியே வந்த ஏவர்ட்டின் கையிலிருந்து கோப்பை நழுவியது. மரத்துக்குப் பக்கத்தில் ஆறும் சரிந்து கிடந்தன. கால் நீட்டி, ஒரு பக்கச் சிறகு விரிந்து, கண் சொருகி.

“ஹெர்மினா! எல்லாம் போச்சு!”

ஓடிப்போய் ஒன்றைத் தூக்கினார். உடம்பு கதகதவென்றிருந்தது. அது கண்ணைத் திறந்து, கத்தித் தீர்த்து, உதறிக்கொண்டு இறங்கி, மறுபடி அதே இடத்தில் சரிந்தது.

பதறி வந்த ஹெர்மினா சிரித்துவிட்டார். “வெயில் காயுதுங்கய்யா! எங்க அம்மா வீட்டுக் கோழியெல்லாம் இப்படித்தான் கிடக்கும். இத்தன வருஷம் கோழியோட இருந்த மனுஷனுக்கு இதுகூடவா தெரியாது?”

“அங்க ஒண்ணுகூட இப்படிப் படுத்ததில்லையே, ஹெர்மினா.” ஏவர்ட் கோழிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். “ஒண்ணுகூட.”

ஏவர்ட் புல்லில் உட்கார்ந்து, ஊருக்கே கேட்கும்படி அழுதார். ஹெர்மினாவின் சிரிப்பு நின்றது. பக்கத்தில் உட்கார்ந்து அவர் தோளைப் பிடித்துச் சாய்த்தார்.

“சரி, நீயும் கொஞ்சம் படு.”

ஏவர்ட் காலை நீட்டிப் படுத்தார்.