முதல் கியரில் குலுங்கும் கார்

மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை. மந்தைவெளியில் எங்கள் தெருவிலிருந்து காரை மெல்ல எடுக்கிறேன். பின் சீட்டில் எட்டு மாத வயிற்றோடு என் மகள் நித்யா. அடையாறில் அவளுக்குச் செக்கப். பத்தடி போவதற்குள் கார் ஒரு குலுக்குக் குலுக்கியது. வளைகாப்புக்கு அவள் கையில் அடுக்கிய கண்ணாடி வளையல்கள் மொத்தமும் கலகலவென்றன.

இரண்டாவது கியர் போட்டேன். மறுபடி ஒரு கலகல. சிக்னலில் நின்று கிளம்பினால் ஒன்று, ஸ்பீட் பிரேக்கர் தாண்டினால் ஒன்று... ஒவ்வொரு குலுக்கலுக்கும் வளையல் சாட்சி சொல்லிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது நித்யா தயங்கித் தயங்கிச் சொன்னாள். "அப்பா, அடுத்த வாட்டி நான் கேப் புக் பண்ணிக்கறேன்பா. நீங்க எதுக்கு அலையணும்?"

அலைச்சலாம். எனக்குப் புரியாதா?

மனசு சுருக்கென்றது. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. பிரசவத்துக்கு அவரால் வர முடியுமா என்பது சந்தேகம். "கவலைப்படாதீங்க, நான் இருக்கேன், கார் இருக்கு" என்று வீடியோ காலில் அவருக்கு வாக்குக் கொடுத்தவன் நான். இப்போது பெண்ணே என் காரில் ஏறப் பயப்படுகிறாள்.

வாராவாரம் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் காரைத் தெரியும். பதினோரு வயது, மேனுவல் கியர். இதுவரை ஒரு நாளும் செருப்போடு அதில் நான் ஏறியதில்லை. வாங்கிய அன்று பூஜை போட்டு எலுமிச்சம்பழம் நசுக்கக் கழற்றியதுதான்... அதன் பிறகு செருப்புக் காலோடு உள்ளே கால் வைக்க மனம் வரவில்லை. கழற்றி, சீட்டுக்கடியில் போட்டுக்கொண்டு, வெறுங்காலோடு ஓட்டுவேன். கிளட்ச் எந்த இடத்தில் பிடிக்கிறது என்பதை உள்ளங்கால் சொல்லும் என்று கேட்பவர்களிடமெல்லாம் பெருமை அடித்திருக்கிறேன்.

இதில் ஒரே ஒரு தொல்லை உண்டு. கழற்றிய செருப்பைச் சில நாள் உள்ளே எடுத்துப் போட மறந்துவிடும். இந்தக் கோடையில் அப்படித்தான், பாண்டி பஜாரில் காரை நிறுத்திவிட்டுத் தேடினால் செருப்பு மந்தைவெளி வீட்டு கேட் அருகே. பகல் ஒரு மணி வெயில். வெறுங்காலோடு ரோட்டைக் கடந்து செருப்புக் கடைக்கு நடந்தேன்.

"எப்படிங்க நடக்கறீங்க? கால் பொரிஞ்சுடும்" என்று பதறினாள் கூட வந்த என் மனைவி சாந்தி.

"அப்படி ஒண்ணும் சுடலையே" என்றேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். நமக்கு உடம்பு இன்னும் கட்டுத்தான் என்று உள்ளுக்குள் ஒரு சந்தோஷம்.

சரி, குலுக்கலுக்கு வருவோம். விஷயம் வெளியே தெரிந்ததும் எங்கள் அபார்ட்மென்ட் முழுக்க மெக்கானிக்குகள் முளைத்துவிட்டார்கள். மாடி வீட்டு ரிட்டயர்டு இன்ஜினீயர், பெட்ரோலில் தண்ணீர் என்றார். எதிர் ஃபிளாட்காரர், இன்ஜின் மவுன்ட் போயிருக்கும் என்றார். ஏசியை அணைத்துப் பாருங்கள் என்றார் செக்யூரிட்டி. பெட்ரோல் பங்க்கை மாற்றினேன். ஏசி இல்லாமல் வியர்க்க விறுவிறுக்க மயிலாப்பூரைச் சுற்றினேன். குலுக்கல் அப்படியே இருந்தது.

எனக்குக் கோபம் போய் ஆர்வம் வந்துவிட்டது. நாற்பதில் போனால் சொன்ன பேச்சைக் கேட்கிறது. பத்தில், பதினைந்தில் மட்டும் ஏன் முரண்டு பிடிக்கிறது? பழைய டைரியில் குறித்துக்கொள்ள ஆரம்பித்தேன் — எந்த கியர், எந்தத் தெரு, இன்ஜின் சூடா, ஆறியதா. எல்லாவற்றிலும் குலுங்கியது. ஒழுங்கு முறை ஏதும் சிக்கவில்லை.

தேனாம்பேட்டைச் சந்து ஒன்றில் ஷெட் வைத்திருக்கிறார் ஏழுமலை. பல வருடமாக என் காரைப் பார்ப்பவர். ஸ்பார்க் பிளக் மாற்றினார், ஏர் ஃபில்டர் மாற்றினார், காற்றுப் போகும் வழியைக் கழற்றித் துடைத்தார். மறுநாளே திரும்பிப் போய் நின்றேன்.

"கிளட்ச் பிளேட்டை மாத்திடு ஏழுமலை. அதுதான்" என்றேன்.

"பாக்காம இன்னாத்துக்கு சார் கயட்டணும்? இருங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரேன்."

அவர் ஓட்டினார், நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். சந்துக்குள் குப்பைத் தொட்டி, மாடு, தண்ணி லாரி எல்லாவற்றையும் ஒதுக்கிக்கொண்டு ஊர்ந்தோம். ஒரு குலுக்கல் கூட இல்லை. துரோகி, என்று காரை நினைத்துக்கொண்டேன்.

"நான் ஓட்டசொல்ல வண்டி நல்லாத்தான் கீது. இப்போ நீங்க ஓட்டுங்க சார்."

ஷெட் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு டிரைவர் சீட்டில் ஏறினேன். கிளம்பியதும் ஒரு குலுக்கல். இரண்டாவது கியரில் இன்னொன்று. ஏழுமலை ரோட்டைப் பார்க்கவே இல்லை. குனிந்து என் இடது காலையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஷெட்டுக்குத் திரும்பியதும் ஹேண்ட் பிரேக்கைப் போடச் சொன்னார். "முதல் கியர் போட்டு கிளட்ச்ச மெதுவா வுடுங்க. பிடிக்கிற எடத்துல பெடல் லேசா அதிரும். கால்ல அதிர்ந்தவுடனே சொல்லுங்க. கண்ண மூடிக்கங்க சார்."

கண்ணை மூடிக்கொண்டு மெதுவாக விட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "ம்... இப்போ" என்றேன்.

"கால்லயா?"

யோசித்தேன். இல்லை. சீட்டு அதிர்ந்துதான் எனக்குத் தெரிந்தது. இடுப்பில். பாதத்தில் எதுவுமே இல்லை. மறுபடி செய்து பார்த்தேன். மூன்றாவது முறையும் செய்து பார்த்தேன்.

ஏழுமலை இறங்கிப் போய், வாசலில் நான் மறந்து விட்டுவிட்டு வந்திருந்த செருப்பை எடுத்து வந்தார். மெத்தென்ற அந்த அடிப்பாகத்தைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். "இது சுகர்காரங்க செருப்புதானே? சுகர் எத்தினி வருசமா கீது சார்?"

"எட்டு."

"எங்க நைனாக்கும் இப்டித்தான் சார். ஆணி ஏறினதே தெரியாம ரெண்டு நாளு நடந்துக்கினு இருந்தாரு." செருப்பை என் காலடியில் வைத்தார். "பிடிக்கிற எடம் கால்ல தெரியாம கிளட்ச்ச டபக்குனு வுட்டுடறீங்க, அதான் குலுக்குது. கிளட்ச்சுல காட்டிச்சு, நல்லதாப் போச்சு. பிரேக்குல காட்டியிருந்தா?"

பின் சீட்டில் வளையல்களோடு உட்கார்ந்திருந்தவள் கண் முன்னால் வந்தாள். சுடாத பாண்டி பஜார் ரோடும் வந்தது.

அன்று காரை அங்கேயே விட்டுவிட்டு ஆட்டோவில் வந்தேன்.

அடுத்த நாள் டாக்டரம்மா, கவட்டை போல இருந்த ஒரு உலோகக் கருவியைத் தட்டி என் மணிக்கட்டில் வைத்தார். ரீங்காரம் எலும்பு வரை போனது. பிறகு அதையே இடது கால் கட்டைவிரலில் வைத்தார். "அதிருதா?"

கிட்டத்தட்ட ஏழுமலை கேட்ட அதே கேள்வி. பதிலும் அதேதான். வலது காலில் கொஞ்சம் தெரிந்தது. "இப்போதைக்கு வண்டி ஓட்டாதீங்க. முதல்ல சுகரைக் கட்டுக்குள்ள கொண்டு வரணும். வீட்டுக்குள்ளகூட வெறுங்காலோட நடக்கக் கூடாது" என்றார்.

நமக்கு ஏன் இப்படி? காரில் ஒரு சத்தம் வந்தால் பிளக்கிலிருந்து பெட்ரோல் வரை சந்தேகப்படுகிறோம். ஓட்டுகிறவனைக் கடைசியில்தான் சந்தேகப்படுகிறோம். என் டைரியில் கியர் இருந்தது, தெரு இருந்தது, இன்ஜின் சூடு இருந்தது. கால் மட்டும் இல்லை.

சாந்திக்கு லைசென்ஸ் இருக்கிறது. பல வருடமாக அலமாரியில்தான் இருந்தது. ஓட்ட உட்கார்ந்தபோதெல்லாம் "கிளட்ச்சுலேர்ந்து காலை எடு, காலை எடு" என்று நான் கத்திய கத்தலில், போதுமடா சாமி என்று விட்டுவிட்டாள். அதற்கு வெட்கப்படுகிறேன். பத்து நாள் விடியற்காலையில் தெருவைச் சுற்றிப் பழகினாள். நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த வெள்ளிக்கிழமை நித்யாவை அவள்தான் அடையாறுக்கு ஓட்டிக்கொண்டு போனாள். நான் இடது பக்கம். ஏறும்போதே, "செருப்பைக் கழட்டாதீங்க" என்று உத்தரவு. காதை மட்டும் பின் சீட்டில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடையாறு பாலம் தாண்டும் வரை வளையல் இரண்டே முறைதான் பேசியது.

"அம்மா, வலி வந்தா நீயே ஓட்டிடுவ இல்ல?" என்றாள் நித்யா. சாந்தி கண்ணாடியில் அவளைப் பார்த்துத் தலையாட்டினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் கதவைத் திறந்துகொண்டு, பழக்கதோஷத்தில் குனிந்து சீட்டுக்கடியில் செருப்பைத் துழாவினேன்.

காலில்தான் இருந்தது.