ஒரு மணி நேரம் அடக்கினால் போதும்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு இருபத்துமூன்று வயது. பாதி வழியில் லிஃப்ட் நின்று, உள்ளே மாட்டிக்கொண்டு அலறுகிறவர்களுக்கு வெளியிலிருந்து தைரியம் சொல்வதில் கம்பெனியிலேயே அவனை மிஞ்ச ஆளில்லை. அப்படிப்பட்டவன், இளைஞர்களுக்கான பாலியல் நலக் கிளினிக்குக்கு ஒரு போன் போட மூன்று நாள் எடுத்துக்கொண்டான்.

போகச் சொன்னவள் அவன் காதலி, பேக்கரி கவுன்டரில் நிற்பவள். "நான் போய் டெஸ்ட் எடுத்துட்டேன். இப்ப நீ போயிட்டு வா. மத்ததை அப்புறம் பேசலாம்" என்றாள், ரொட்டியைப் பையில் போட்டுக்கொண்டே.

நான்காம் நாள் மோட்டார் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு போன் போட்டான். மறுமுனையில் நர்ஸ் நிதானமாகச் சொன்னார்: "வர்றதுக்கு முன்னாடி ஒரு மணி நேரம் யூரின் போகாதீங்க. கேக்க வேண்டியதை எழுதிட்டு வாங்க, இங்க வந்தா மறந்துடும். நீங்க வந்ததை யார்கிட்டயும் சொல்ல மாட்டோம்."

அவன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவன் இல்லை. சர்வீஸ் ரிப்போர்ட் எழுதியே பழகிய கை, 'பாகம், பழுது, எப்போதிலிருந்து' என்று கட்டம் போட்டுவிட்டது. அதைக் கிழித்துவிட்டு ஒன்பது கேள்விகள் எழுதினான். ஒரு மணி நேரம் நல்லதென்றால் நான்கு மணி நேரம் இன்னும் நல்லதுதானே என்று கிளினிக்குக்குப் போகிற நாள் காலையிலிருந்தே அடக்கிக்கொண்டான். போதாததற்கு ஒரு பாட்டில் தண்ணீரையும் குடித்துவைத்தான்.

தேய்த்த சட்டையோடு கிளம்பியவனை அக்கா நிறுத்தினாள். "எங்கடா?"

"பல் டாக்டர்கிட்டக்கா."

"பல்லைக் காட்ட சென்ட் எதுக்குடா?"

நின்று பேசினால் ஆபத்து என்று அவன் அதற்குள் வாசலைத் தாண்டிவிட்டான்.

கிளினிக்கில் காலைப் பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். "உக்காருங்க தம்பி. சொல்லுங்க" என்றார் நர்ஸ். அவருக்கு அவன் அம்மா வயது இருக்கும். மூன்று நாளாக ஒத்திகை பார்த்த முதல் வாக்கியம் பறந்துவிட்டது.

"மேடம், பாத்ரூம் எங்க இருக்கு?"

அவர் சிரிக்காமல் ஒரு சின்னக் குப்பியை நீட்டினார். "முதல்ல வர்றதை மட்டும் இதுல பிடிங்க. மீதி உங்க பாடு."

ராஜ்ஜியத்தை ஜெயித்த முகத்தோடு திரும்பி வந்தான். அதன்பிறகு பேச்சுக்குக் குறைவில்லை. ஒன்பது கேள்விக்கும் அவர் புருவம் உயர்த்தாமல் பதில் சொன்னார். கடைசியில் மரத்தில் செய்த ஆணுறுப்பு மாதிரி ஒன்றை மேஜைமேல் வைத்து, "ஆணுறை போடத் தெரியுமா?" என்றார்.

"தெரியும் மேடம்."

"போட்டுக் காட்டுங்க."

காட்டினான். "திருப்பிப் போட்டிருக்கீங்க. அதைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு எடுங்க." இரண்டாம் தடவை சரியாக வந்தது. "பரவாயில்லையே. பல பேர் தெரியும்னு சொல்றதோட நிறுத்திக்குவாங்க" என்றார்.

ஒரு வாரத்தில் செய்தி வந்தது: எந்தத் தொற்றும் இல்லை. பேக்கரிக்குப் போய்ப் போனை நீட்டினான். அவள் கையைத் துடைத்துக்கொண்டு இரண்டு தடவை படித்தாள்.

"ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா?"

"உள்ள போற வரைக்கும்தான்."

அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். "சரி, கொஞ்சம் தள்ளி நில்லு. ஆள் வர்றாங்க."