டிங்குவும் டீச்சரும் ஒரே வயது

தோசைக்கல்லை அடுப்பில் வைத்தபோது போன் அடித்தது. பொழியூரிலிருந்து ஸ்டெல்லா டீச்சரின் தம்பி. “அக்கா போயிட்டா டீச்சரே. நாய் கட்டிலுக்கு அடியில இருந்து வரமாட்டேங்குது. நீங்க ஒண்ணு வாருங்கோ.” அடுப்பை அணைத்தேனா என்றுகூட நினைவில்லை.

பாறசாலைப் பள்ளிக்கூடத்தில் ஸ்டெல்லா கணக்கு டீச்சர், நான் பக்கத்து வகுப்பில் தமிழ். அவர் குரலுக்குச் சுவர் ஒரு பொருட்டல்ல. என் பிள்ளைகளும் அவருடைய கணக்கைத்தான் படித்தார்கள்.

ஓய்வுக்குப் பின் அவருக்கு வீட்டில் துணை டிங்கு என்கிற பொமரேனியன் மட்டும்தான். போன வருடம் டீச்சருக்கு இதயத்தில் ஆபரேஷன் வேண்டும் என்றார்கள் ஆஸ்பத்திரியில். டீச்சர் கணக்குப் போட்டார். நாய்க்கு ஒரு வருடம் என்றால் மனிதருக்கு ஏழு. பதினான்கு வயது டிங்குவுக்குத் தொண்ணூற்றெட்டு. “இன்னும் கொஞ்ச நாளாக்கும் மக்கா. அவனை அடக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு வாறேன்.” தென்னைக்குப் பக்கத்தில் குழிக்கு இடமும் பார்த்துவைத்தார். நான் கெஞ்சினேன், சண்டை போட்டேன், நாயை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். காதில் ஏறவே இல்லை. மாதங்கள் போயின.

கடைசியில் இருவரையும் குன்னத்துகாலில் ஒரு மிருக டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனேன். சின்ன நாய்கள் முதல் இரண்டு வருடத்தில் மளமளவென்று வளர்ந்து இருபத்துநாலு வயது ஆளாகிவிடும், பிறகு வருடத்துக்கு நாலு வயதுதான் கூடும், பெரிய நாய்கள்தான் சீக்கிரம் கிழடு தட்டும் என்றார் அவர். “இவனுக்கு எழுபத்திரண்டு இருக்கும். இன்னும் ரெண்டு மூணு வருஷம் ஓடுவான்.”

டீச்சருக்கும் எழுபத்திரண்டுதான். “எனக்க வயசுக்காரனாக்கும்!” என்று சிரித்தார். ஆட்டோவில் ஏறியதும் அழுதார். “இவனுக்காகக் காத்திருந்தா நான் முந்திருவேன், இல்லியா?” மறுநாளே ஆபரேஷனுக்கு நாள் கேட்டோம். அந்த நாள் வருவதற்குள் போய்விட்டார். பாழாய்ப்போன ஏழாம் வாய்ப்பாடு!

டீச்சரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது டிங்கு ஒருவன்தான். அவனும் கஞ்சியைத் தொடுவதில்லை. நெத்திலியை மோந்துவிட்டு வாசலைப் பார்த்துப் படுக்கிறான். ஊசி போட்டாயிற்று, ஊட்டியும் பார்த்தாயிற்று. என்ன செய்வதென்றே தெரியவில்லை. நேற்று அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு, “தின்னுல மக்கா, ஒனக்கு முந்தி நான் போவமாட்டேன்” என்று சத்தியம் செய்தேன்.

எனக்கு வயது எழுபத்தொன்று.