இடப்பக்க வளைவில் நின்றுபோன கார்

கல்யாணமாகி மூன்றாவது வருஷம் அது. பதுளையிலிருந்து பசறைக்குப் போகும் ரோட்டோரத்தில் என் கணவர் சின்னதாக ஒரு கராஜ் வைத்திருந்தார். அதன் பின்பக்கத்து அறையும் அடுப்படியும்தான் எங்கள் வீடு. தேயிலைத் தோட்டத்து லொறிகளும் ஜீப்புகளும் மட்டுமே வந்து போன அந்த இடத்துக்கு, அறுபதுகளின் கடைசியில் ஒருநாள், கூரையில்லாத சிவப்புக் கார் ஒன்று வந்தது. இரண்டே இரண்டு சீட். ஓட்டி வந்தவர் ஒரு பெண்.

யாழ்ப்பாணத்துக்காரர், டாக்டர். என்னைவிடப் பத்து வயது மூத்தவராக இருக்கலாம். தலையில் கட்டியிருந்த துணியை அவிழ்த்துக்கொண்டே, "நேர் ரோட்டில ஒரு பிழையும் இல்லை. வளைவில திரும்பேக்க எஞ்சின் நிண்டுபோகுது. நேற்று பின்னால வந்த பஸ் இடிக்கப் பார்த்தது" என்றார்.

என் கணவர் காரைச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். பிறகு நிமிர்ந்து சிரித்தார். நான் கதவோரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி ஒரு சிரிப்பு அந்த முகத்தில் இருப்பதே எனக்கு அதுவரை தெரியாது.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் வேறு பேச்சே இல்லை என்று சொல்ல முடியாது, பேச்சே இல்லை. அவர் சோற்றைப் பிசைந்தபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார். காபரேட்டரைக் கழற்றிக் கழுவினார். பெற்றோல் பம்பை மாற்றினார். டாக்டரம்மா சாயந்தரங்களில் வருவார். இருவரும் காரில் ஏறிப் போவார்கள். நின்ற கார் சில நாள் மறுபடி கிளம்பாமல், என் கணவர் அதைத் தள்ளிக்கொண்டு வருவார். தள்ளும்போதும் முகத்தில் அதே பூரிப்பு.

தண்ணீர்க் குழாயடியில் ஒருத்தி கேட்டாள்: "ஒங்க வீட்டுக்காரரு கூரையில்லாத கார்ல ராசா மாதிரிப் போறாரே, நீ ஏறிப் பாத்தியா?"

நான் குடத்தை நிரப்பாமலே திரும்பி வந்துவிட்டேன்.

அன்று சாயந்தரம் டாக்டரம்மா வந்ததும், நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு கராஜுக்குள் போய் நின்றேன். "நானும் வர்றேன்" என்றேன்.

"ரெண்டு சீட்டுதான் இருக்கு" என்றார் என் கணவர்.

"அப்ப நீங்க எறங்கிக்கங்க."

அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். டாக்டரம்மா முந்திக்கொண்டார். "நல்லதாப் போச்சு. நீங்களே வாங்கோ பிள்ளை. இவர் வளைவு வந்தா கண்ணை மூடுறார். பிறகு எப்பிடிக் குழாயைப் பார்க்கிறது?"

என் கணவருக்குக் காது சிவந்துவிட்டது. பெற்றோல் போகும் பாதையில் கண்ணாடி மாதிரித் தெரியும் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை இணைத்து, அதை இடப்பக்கத்து சீட்டின் காலடி வழியாக அவர் கொண்டுவந்திருந்தார். அதில் பெற்றோல் ஓடுகிறதா, காற்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். அதுதான் வேலை.

ஸ்பிரிங்வெளித் தோட்டத்துப் பக்கம் மலையேறினோம். காற்று முகத்தில் அறைந்தது. தேயிலைச் சரிவுகள் எழும்பிச் சாய்ந்தன. எனக்கும் கண்ணை மூடத்தான் தோன்றியது. வைராக்கியத்தில் குழாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். வலப்பக்கம் திரும்பியபோதெல்லாம் குழாய் நிறையப் பெற்றோல் இருந்தது. நீண்ட இடப்பக்க வளைவு ஒன்றில் கார் திரும்பத் திரும்ப, குமிழ் குமிழாக வந்து, பிறகு குழாய் வெறுமையானது.

"காத்து! வெறுங்காத்து வருது!" என்று கத்தினேன். எஞ்சின் இருமி, நின்றது.

ரோட்டோரத்தில் காரை ஒதுக்கிவிட்டு இருவரும் உட்கார்ந்திருந்தோம். கொழுந்துக் கூடையோடு போன பெண்கள் எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். மனதில் இருந்ததைக் கேட்டுவிட்டேன்.

"அவரு ஒங்ககிட்ட என்னங்க பேசுவாரு?"

"அந்த மனுசன் என்னோட எங்க கதைக்கிறார்? காரோடதான் கதைக்கிறார்." பிறகு என்னை நேராகப் பார்த்தார். "உங்களுக்கு என்னில கோபமோ?"

"ஆமாங்க."

அவர் தலையை ஆட்டிவிட்டு சாவியைத் திருப்பினார். கார் மறுபடியும் உயிர் பெற்றது.

நான் சொன்னதைக் கேட்டதும் என் கணவர் தரையில் சோக்குக் கட்டியால் படம் போட்டார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் என்னோடு அவ்வளவு நேரம் பேசியது அன்றுதான். "டேங்க் பாய் விரிச்ச மாதிரி தட்டையா, அகலமா இருக்கு. கார் எடது பக்கம் திரும்புனா பெட்ரோல் பூரா வலது பக்கம் ஓடிருது. உறிஞ்சுற குழாய் எடது பக்கத்துல இருக்கு. அதுக்குக் காத்துதான் கெடைக்குது."

"டேங்க் நெறைய ஊத்திட்டா?"

"நிக்காது. ஆனா பாரம். அந்தம்மா கார்ல மலையேறுற போட்டிக்குல்ல போறாங்க."

டேங்க்கைக் கழற்றினார். உள்ளே பெற்றோல் ஆவி இருந்தால் நெருப்புப் பட்டதும் வெடித்துவிடும் என்று, திரும்பத் திரும்ப வெந்நீரும் சலவைச் சோடாவும் ஊற்றிக் கழுவ வேண்டியிருந்தது. வெந்நீர் என் அடுப்பில்தான் கொதித்தது. எனக்கு ஒருநாளும் வெந்நீர் வைத்துக் கொடுத்திராத மனுஷன், அந்தத் தகரத்துக்கு அண்டா அண்டாவாகச் சுமந்தார். அடுப்பை ஊதிக்கொண்டே, காரைப் பார்த்தும் வயிறெரிந்தது எனக்கு.

டேங்க்கை வெட்டித் திறந்து, அடியில் ஓட்டை போட்ட தடுப்புத் தகடுகளை உள்ளே பற்றவைத்தார். குழாய் வாயைச் சுற்றிச் சின்னப் பெட்டி. அதற்கு உள்பக்கமாக மட்டும் திறக்கிற குட்டிக் கதவுகள். பெற்றோல் உள்ளே வரலாம், வளைவில் வெளியே ஓட முடியாது.

போட்டி ஒரு தோட்டத்து ரோட்டில் நடந்தது. நாங்கள் இடப்பக்க வளைவு ஒன்றின் மேட்டில் நின்றோம். துரைமார், துரைசானிமார், தொழிலாளர் லயத்துச் சனங்கள் என்று நல்ல கூட்டம். கீழேயிருந்து சத்தம் ஏறி வந்தது. சிவப்புக் கார் வளைவுக்குள் நுழைந்ததும் என் கணவர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். எஞ்சின் ஒரு இருமல்கூட இருமவில்லை. சீறிக்கொண்டு மேலே போனது. "குடிச்சிருச்சு, குடிச்சிருச்சு!" என்று பக்கத்திலிருந்த முன்பின் தெரியாத ஆளைக் கட்டிப்பிடித்துக் குதித்தார்.

எனக்கு அப்போது என் கணவரை வைத்தோ காரைப் பார்த்தோ பொறாமை இல்லை. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அந்த இரண்டு கைகள்மேல்தான் இருந்தது. அது முன்னதைவிட மோசமாக எரிந்தது. நான் அந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. வெள்ளைக்காரத் துரை ஒருவரின் கார்தான் முதலில் வந்தது. டாக்டரம்மாவுக்கு மூன்றாம் இடம். அவர் கையில் கோப்பையோடு எங்களிடம் வந்தபோது, வாழ்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுப்பீங்களா?" என்றுதான் கேட்டேன்.

"ஓம், வாங்கோவன்" என்றார், ஏதோ தேத்தண்ணி குடிக்கக் கூப்பிடுகிற மாதிரி.

ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் காரிலேயே பழகினேன். மாற்றலாகிப் போகும்வரை அவர் சொல்லிக்கொடுத்தார். பிறகு கராஜுக்குச் சாமான் எடுக்க பண்டாரவளைக்கு வேன் ஓட்டிப் போனது நான்தான். வளைவுகளில் என் கணவர் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வருவார்.

அதற்கெல்லாம் முன்னால், நான் முதல்முதலாக டாக்டரம்மாவின் காரைத் தனியாக ஓட்டிக்கொண்டு வந்து கராஜ் வாசலில் நிறுத்திய அன்று, அவர் வெளியே வரவேயில்லை. உள்ளே போனேன். ஏதோ ஒரு நட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"என்னாங்க?"

"ஒண்ணுமில்ல." நட்டைக் கீழே வைத்தார். "நான் சொல்லிக் குடுக்க மாட்டேனா? எங்கிட்ட கேக்கணும்னு தோணலையா ஒனக்கு?"

அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு மிகவும் சந்தோஷமாக இருந்தது.