தறி நின்றபோது

மூளைக்காய்ச்சலிலிருந்து பிழைத்து என் மகள் நேற்றுதான் வீடு திரும்பினாள். முகம் பார்த்துச் சிரிக்கிறாள், சாப்பிடுகிறாள். எனக்குத்தான் பக்கத்து வீட்டு விசைத்தறிச் சத்தம் நிம்மதி தரவில்லை.

சூலூரில் நான் வளர்ந்த வீட்டிலும் தறிதான். அது ஓடும்போது எங்களுக்குக் கைச்சாடையே பேச்சு. வாயருகே விரல் குவித்தால் சோறு. இதே காய்ச்சலில் பிழைத்து வந்த தம்பியும் சாடை பார்த்து ஓடி வருவான். எப்போதாவது திரும்பாவிட்டால், "மொதலாளிக்குத் திமிரப் பாரு" என்று அப்பா சிரிப்பார்.

ஒரு மத்தியானம் கரண்ட் போய்த் தறிகள் நின்றன. அம்மா அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து கூப்பிட்டாள். மறுபடியும் கூப்பிட்டாள். சோற்றுத் தட்டைத் தரையில் போட்டாள்.

"ஏனுங்க, பையனுக்குக் காது கேக்கலீங்க."

அந்த அமைதியிலும் அப்பா வாய் திறக்காமல், இல்லை என்று கையைத்தான் ஆட்டினார்.

மகளுக்குக் காது பரிசோதனை அடுத்த வாரம். அதுவரை பொறுக்கச் சொன்னார் டாக்டர். சற்றுமுன் பக்கத்து வீட்டுத் தறி நின்றது. பொம்மைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தவளின் பின்னால் போய், "கண்ணு" என்றேன்.

அவள் சீவிக்கொண்டே இருந்தாள்.

மெதுவாகக் கூப்பிட்டுவிட்டேன் போலிருக்கிறது.